அடுப்பு, ஸ்கூல் வேன், ஒரு நாவல்: படிக்க ஏங்கும் அம்மா அப்பாக்களுக்குச் சில குறிப்புகள்

பிள்ளை பிறந்ததும் வீட்டில் முதலில் காணாமல் போவது நாவல்தான். செய்தித்தாள் எப்படியோ தப்பித்துக்கொள்ளும். வார இதழைக் காபியோடு புரட்டிவிடலாம். முந்நூறு பக்க நாவல் மட்டும் அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிப்போய் உட்கார்ந்துவிடும். ‘இந்த வருஷம் 50 நாவல்’ என்று ஜனவரி முதல் தேதி டைரியில் எழுதிவிட்டு, பொங்கல் முடிவதற்குள் அதை மறந்துபோகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘நான் படிப்பதைப் பார்த்தால் பிள்ளையும் படிக்கும்’ என்ற சமாதானம் இதில் எங்கும் வராது. பிள்ளை படித்தாலும் படிக்கும், படிக்காமலும் போகும். நாவல் படிப்பது உங்கள் சந்தோஷத்துக்கு. அதற்கு வேறு சாக்கு தேட வேண்டாம்.

1. இலக்கை நாவல் எண்ணிக்கையில் வைக்காதீர்கள்; பக்கத்தில் வையுங்கள். ஒரு நாளைக்கு 10 பக்கம் என்றால் வருஷத்துக்கு 3,650 பக்கம். 250 பக்க நாவலாக எடுத்தால் பதினான்கு முடிந்துவிடும். காய்ச்சல், விருந்தாளி, ஊர்ப் பயணம் என்று மூன்றில் ஒரு பங்கு நாட்களைக் கழித்தாலும் ஒன்பது நிச்சயம். எண்ணிக்கையில் வைத்தால் என்ன கெடுதல் என்றால், டிசம்பர் நெருங்க நெருங்கக் கை தானாகவே ஒல்லியான புத்தகத்தைத் தேடும். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ போன்ற ஒன்றைத் தொடவே பயம் வரும். பக்கக் கணக்கில் தடி நாவலுக்கும் ஒல்லி நாவலுக்கும் ஒரே மரியாதை.

2. பல வருஷம் விட்டுப்போனவர்கள் சின்ன நாவலில் தொடங்குங்கள். சின்னது என்றால் லேசானது என்று பொருள் இல்லை. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நூற்றுச் சொச்சம் பக்கம்தான். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் குடமும் கையுமாக அலையும் ஜமுனாவின் கதை. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற யாருக்கும் அதில் ஒரு வரிகூட அந்நியமாக இருக்காது. பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. கொலை செய்துவிட்டு ஓடும் பதினைந்து வயதுப் பையனும் அவனுடைய அப்பாவும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து கழிக்கிற சில நாட்கள்தான் மொத்தக் கதையும். இதை வைத்துத்தான் 2019இல் ‘அசுரன்’ படம் எடுத்தார்கள். படம் பார்த்தவர்களும் நாவலைப் படியுங்கள். அப்பா பையனுக்குச் சமைத்துப் போடுவதும், பழைய கதை பேசுவதும், அவனைத் திட்டாமல் கூடவே வருவதும் புத்தகத்தில் ஆற அமர வருகிறது. பிள்ளை பெற்றவர்களுக்கு அது வேறு மாதிரி உறைக்கும். பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’யையும் இந்த வரிசையில் வைக்கலாம், ஒரு வெள்ளாட்டின் கதை.

3. ‘பொன்னியின் செல்வன்’ படிக்க வேண்டும் என்று காலேஜ் நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பவர்களுக்குத் தனிக் குறிப்பு. ஐந்து பாகத்தையும் மொத்தமாகப் பார்த்து மலைக்காதீர்கள். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்த தொடர் அது. அந்தக் காலத்து வாசகர்கள் மூன்றரை வருஷத்துக்கு மேல் காத்திருந்து படித்தார்கள். மொத்தம் 293 அத்தியாயம். ஒவ்வொன்றும் அடுத்த வாரம் பத்திரிகையை வாங்க வைப்பதற்காகவே ஒரு கொக்கியோடு முடியும். ஆகவே ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம், ஞாயிறு விடுமுறை. பன்னிரண்டு மாதத்துக்குள் கடைசிப் பாகமான ‘தியாகச் சிகர’மும் முடிந்துவிடும். இரண்டு அத்தியாயம் படிக்கத் தோன்றினால் தாராளமாகப் படியுங்கள். ஆனால் அதை மறுநாள் கணக்கில் கழித்துக்கொள்ளாதீர்கள்.

4. காத்திருக்கும் நேரத்தைக் கணக்கெடுங்கள். டியூஷன் வாசல், நீச்சல் வகுப்பு, பாட்டு வகுப்பு, ஸ்கூல் வேன் வரும் தெருமுனை, டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காரும் கிளினிக். பெற்றோர் வாழ்க்கையில் பாதி, யாரையாவது எதிர்பார்த்து நிற்பதுதான். பையில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கட்டும். இந்த நேரங்களுக்கு நான்கைந்து பக்க அத்தியாயங்கள் உள்ள நாவல்தான் தோது. பாத்திரங்களின் மன ஓட்டமே கதையாக உள்ளவற்றை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்கும் பெற்றோர் பரீட்சை மதிப்பெண் பற்றிப் பேச்செடுத்தால், விரலைப் பக்கத்துக்கு நடுவில் வைத்தபடி பதில் சொல்லுங்கள். பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

5. அடுப்படியில் படிக்கலாமா? எந்தச் சமையல் என்பதைப் பொறுத்தது. இட்லி வேகும் பத்துப் பன்னிரண்டு நிமிடம், பருப்புக் குக்கர் விசில் வரும் நேரம், அரிசி ஊறும் நேரம்: படிக்கலாம். பால் காய்ச்சும்போது, வெங்காயம் வதக்கும்போது, தாளிக்கும்போது: கூடவே கூடாது. பாலுக்கும் துப்பறியும் நாவலுக்கும் ஜென்மப் பகை. சின்னக் குழந்தைகள் காலைச் சுற்றும் வீட்டில் அடுப்பு எரியும்போது புத்தகமே வேண்டாம். இரண்டு துணி கிளிப் போதும், பக்கம் புரளாமல் நிற்கும். புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் அட்டை போட்டுவிடுங்கள்.

6. பக்கத்தில் எண்ணெய் பட்டால் தேய்க்காதீர்கள். சோளமாவையோ டால்கம் பவுடரையோ தூவி, மேலும் கீழும் வெள்ளைத் தாள் வைத்து, கனமான புத்தகத்தை ஏற்றிவைத்து மறுநாள் தட்டிவிடுங்கள். கறை முழுவதும் போகாவிட்டாலும் அடுத்த பக்கத்துக்கு இறங்காது. மஞ்சள் பட்டுவிட்டால் ஈரத்துணி கூடாது, பரவும். மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் வெளிறக்கூடியது. அந்தப் பக்கத்தை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் விரித்துவையுங்கள். நாள் கணக்கில் வைத்தால் தாளே பழுத்துவிடும்.

7. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இரண்டு கை கிடைக்காது. தடிப் புத்தகத்தை ஒரு கையில் பிடித்தால் மணிக்கட்டு போய்விடும். பாக்கெட் நாவல் அளவுள்ளவை, கிண்டில், போன் இவற்றில் எது கைக்கு அடக்கமோ அது. ராத்திரி பால் கொடுக்கும் நேரத்தில் திரை வெளிச்சத்தை அடியோடு குறைத்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றிக்கொண்டால் குழந்தைக்கும் தொந்தரவில்லை. தவழும் குழந்தை புத்தகத்தைக் கிழிக்கத்தான் செய்யும். அதற்கென்று பழைய காலண்டர் ஒன்றைப் பக்கத்தில் போட்டுவையுங்கள்.

8. துணி மடிக்கும்போதும் இஸ்திரி போடும்போதும் கீரை ஆயும்போதும் ஒலிநூல் கேட்கலாம். கல்கியின் நாவல்களைப் பல குரல்களில் நாடகம் போலத் தயாரித்து பாம்பே கண்ணன் வெளியிட்டிருக்கிறார். பெரியவர்கள் உள்ள வீட்டில் அதை ஒலிபெருக்கியிலேயே போடலாம், மாமியாரும் கேட்பார். கேட்டதும் படித்த கணக்குதான். ‘காதால் கேட்டால் படித்ததாகுமா’ என்று யாராவது கேட்டால், அச்சுப் புத்தகம் வருவதற்கு முன்னால் இந்த ஊர் கதையை எப்படித் தெரிந்துகொண்டது என்று திருப்பிக் கேளுங்கள். சின்னக் குழந்தை வீட்டில் இருந்தால் இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள்.

9. நாற்பது தாண்டியவர்கள் ‘முன்ன மாதிரி படிப்பில் மனசு நிற்கவில்லை’ என்று சொல்வதற்கு முன்னால் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். பல பேருக்கு மனசில் கோளாறில்லை, வெள்ளெழுத்து வந்திருக்கிறது. பழைய பதிப்புகளின் பொடி எழுத்தில் நான்கு பக்கத்திலேயே தலைவலி வந்தால் இதுதான் காரணமாக இருக்கும். படிக்கும் விளக்கு பின்பக்கத்திலிருந்து தோளுக்கு மேலாக விழவேண்டும். கூடத்து டியூப்லைட் போதாது. மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி இந்த வயதில்தான் அருமையாகத் தெரியும்.

10. புத்தகம் வாங்கக் காசில்லை என்பது பாதி உண்மைதான். நீங்கள் சொத்து வரி கட்டும்போதே நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு அது. கட்டிய பணத்தைக் கதையாகத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுக்காரர்களும் கூச்சப்பட வேண்டாம், அந்த வரி உங்கள் வாடகைக்குள்தான் ஒளிந்திருக்கிறது. கிளை நூலகத்தின் விடுமுறை நாளையும் நேரத்தையும் முதலில் விசாரித்துக் காலண்டரில் குறித்துவிடுங்கள். கடைகளில் கிடைக்காத பல பழைய நாவல்கள் தூசியோடு அங்கே இருக்கும். ராஜம் கிருஷ்ணனைத் தேடிப்பாருங்கள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ‘கரிப்பு மணிகள்’, நீலகிரிப் படுகர்களைப் பற்றிய ‘குறிஞ்சித் தேன்’ இரண்டும், அவர் அந்தந்த மக்களிடையே போய்ப் பழகி எழுதியவை. சென்னையில் வீட்டுச் சத்தம் தாங்காதவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குச் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோயே படிக்கலாம், அதற்கென்று தனிப் பகுதி உண்டு. குழந்தைகள் பகுதியும் அதே கட்டடத்தில்.

11. காசே இல்லாமல் படிக்க வேண்டுமா? நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களை யாரும் வெளியிடலாம். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆயின. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களோடு பல நாவல்களையும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் உண்டு. போனில் இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாத ரயில் பயணத்திலும் படிக்கலாம். 1879இல் வந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, தமிழின் முதல் நாவல், நினைப்பதைவிட வேடிக்கையானது. முன்சீப்பாக இருந்தவர் கிண்டலாக எழுதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். கதை நடுநடுவே உபதேசத்துக்குத் தாவும். அந்த இடங்களில் நீங்களும் தாவிவிடலாம்.

12. எது நாவல், எது நாவல் இல்லை என்று யாரையும் சான்றிதழ் கொடுக்க விடாதீர்கள். ராஜேஷ்குமாரின் க்ரைம் நாவலும் ரமணிசந்திரனின் குடும்ப நாவலும் உங்கள் 3,650 பக்கத்தில் சேரும். களைத்துப்போன ராத்திரியில் பக்கம் தானாகப் புரளும் கதைதான் படிக்கும் பழக்கத்தைக் காப்பாற்றும். வை.மு. கோதைநாயகி நூறுக்கும் மேல் நாவல் எழுதி, 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தினார். அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்கள் விரும்பிப் படித்தவை அவை. ‘பெண்கள் நாவல் படித்தால் கெட்டுப்போவார்கள்’ என்ற பேச்சு அன்றைக்கும் இருந்தது. இன்றைக்கு அதையே ‘டைம் வேஸ்ட்’ என்கிறார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

13. பாதியில் நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. ஐம்பது பக்கம் வரை பாருங்கள். அதற்கு மேலும் இழுக்க வேண்டியிருந்தால் மூடிவிடுங்கள். படித்த ஐம்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விருது வாங்கிய நாவலுக்கும் இதே சட்டம்தான். ஒரே ஒரு விதிவிலக்கு: வட்டார வழக்கில் எழுதியவை. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’த்தைத் தஞ்சாவூர்க்காரர் எடுத்தால் முதல் சில பக்கங்கள் முரண்டு பிடிக்கலாம். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணுக்குப் புரியாத கரிசல் பேச்சு காதுக்குப் புரிந்துவிடும்.

14. பாத்திரங்கள் அதிகமுள்ள நாவலுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றைப் பக்க அடையாளமாக வைத்து, அதன் பின்புறம் பெயர்களை எழுதிக்கொண்டே வாருங்கள். யார் மகன், யாருக்கு மாமன், இவ்வளவு போதும். மூன்று நாள் இடைவெளி விட்டுத் திரும்பும்போது இந்த அட்டைதான் கைகொடுக்கும். ரஷ்ய நாவல்களுக்கு இது கட்டாயம். டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ எடுத்தீர்களானால் ஓர் அட்டை போதாது. ஒரே ஆளை மூன்று பெயரில் கூப்பிடுவார்கள்.

15. ‘அம்மா’ என்று கூப்பிட்டதும் எழுந்துபோகாதீர்கள். ‘இந்த அத்தியாயம் முடியட்டும்’ என்று சொல்லிப் பழக்குங்கள். ‘அஞ்சு நிமிஷம்’ என்றால் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு என்று தெரியாது. நமக்கும் தெரிவதில்லை. ‘இதோ பார், இன்னும் இரண்டு பக்கம்’ என்று விரல் வைத்துக் காட்டினால் நான்கு வயதுப் பிள்ளைகூடக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும். ரத்தம், அழுகை, எரியும் வாசனை இந்த மூன்றுக்கு மட்டும் விலக்கு. முடித்ததும் உடனே எழுந்துபோங்கள். அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியைப் பார்த்தீர்களோ, உங்கள் பேச்சு எடுபடாமல் போய்விடும்.

16. புருஷன் பெண்டாட்டி இருவருமே படிக்கிறவர்களாக இருந்தால் வாரத்தில் ஆளுக்கு ஒரு மாலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மற்றவர்தான் வீட்டுப்பாடம், சாப்பாடு, சண்டை பஞ்சாயத்து எல்லாம். அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் ஈஸிசேரில் படிக்கும்போது வீடே அடக்கி வாசிக்கிறது இல்லையா? அதே ஏற்பாட்டை அவர் படிக்கும்போதும் நீங்கள் செய்து தர வேண்டும். ‘நீ படி, நான் பாத்துக்கறேன்’ என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் ‘சர்க்கரை டப்பா எங்க?’ என்று கேட்பது ஏற்பாடு ஆகாது.

17. பெரியவர்களுக்கான நாவல்களை ஒளித்து வைக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ மேஜையில் கிடந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை எடுத்துப் பார்க்கும்தான். ஒளித்தால் அன்றைக்கே தேடிக் கண்டுபிடிக்கும். என் கட்சி, திறந்த அலமாரி. ‘அது இப்ப உனக்குப் போரடிக்கும்’ என்று உண்மையைச் சொல்லிவிட்டு, சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைக் கண்ணில் படும் உயரத்தில் வையுங்கள். ஜீனோ என்ற இயந்திர நாய் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

18. மார்ச் மாதப் பரீட்சை நேரத்தில் இலக்கைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். புதுசாக எதையும் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே படித்துப் பிடித்துப்போன நாவலை எங்கே வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், கதை விட்டுப்போகுமோ என்ற கவலை இல்லை. இருபது வயதில் படித்த ‘மோகமுள்’ளை நாற்பத்தைந்தில் திறந்தால் நாயகன் பாபுவைவிட அவன் அப்பா வைத்தியின் மேல் கண் போகும். கோடை லீவில் பாக்கிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம்.

19. புத்தகக் கண்காட்சிக்குப் போகும்போது வீட்டில் படிக்காமல் கிடப்பவற்றைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அதைப் பார்த்தாலே கை கொஞ்சம் தயங்கும். பத்து சதவீதத் தள்ளுபடியைப் பார்த்து மயங்க வேண்டாம், அது எல்லாக் கடையிலும் உண்டு. நாவலை வாங்கும் முன் முதல் பக்கத்தையும், நடுவில் எங்காவது ஒரு பக்கத்தையும் நின்றபடியே படியுங்கள். நடுப்பக்கம் பொய் சொல்லாது.

20. மழைக்காலத்தில் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஓதம் புத்தகத்துக்கு ஏறும். காய்ந்த வேப்பிலை, வசம்பு எதுவும் வைக்கலாம். நாப்தலின் உருண்டையும் கற்பூரமும் குழந்தை உள்ள வீட்டில் கீழ்த்தட்டில் வேண்டவே வேண்டாம். பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும், விழுங்கினால் ஆபத்து. நனைந்துபோன புத்தகத்தை வெயிலில் போடாதீர்கள், தாள் முறுக்கிக்கொள்ளும். பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் துண்டு செருகி, மின்விசிறிக்குக் கீழே நிறுத்திவைத்து, துண்டு ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருங்கள். பாதி காய்ந்ததும் கனம் ஏற்றி வையுங்கள்.

21. இரவல் கேட்டால் கொடுங்கள். கொடுக்கும்போது புத்தகத்தோடு அவரையும் நிற்கவைத்து போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடம் போனது, எந்தத் தேதியில் போனது இரண்டும் பதிவாகிவிடும். ஆறு மாதம் கழித்து ‘அந்தப் புத்தகமா, நான் வாங்கவே இல்லையே’ என்று சொன்னால் வாய்ப்பேச்சு எதற்கு? படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘கதை எப்படி இருந்தது?’ என்று மட்டும் கேளுங்கள்.